மைசூர் ஜாவாவும் எடைக் குறைப்பும்

மைசூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மேட்டூருக்குச் செல்லும் சாலை மாதேசுவரன் மலைமீது ஏறி, பின்னர்ப் பல வளைவுகளில் இறங்கிப் பாலாற்றை அடைகிறது. வேலூர்ப் பக்கத்தில் ஓடும் பாலாறு வேறு. இது கர்நாடக, தமிழ்நாட்டு எல்லையில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. இப்பகுதி அடங்கிய கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அதன்பின் மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997-ல் சாமராஜநகர் மாவட்டத்தின் பாகமாயிற்று. இவ்வழியே மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தவர் எவரும், அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியவுடன் சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக் டிரம்மின்மேல் கைவைக்கத் துணியமாட்டார்.

காரணத்தை எளிய கணக்கினாலேயே அறியலாம். வண்டியின் எடை 140 கிலோகிராம், அதில் ஏறியுள்ள இருவரின் எடை 140, மூட்டை முடிச்சுகள் 20, ஆக மொத்தம் 300 கிலோகிராம் என்று கொள்வோம். இப்பாரம் 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் விடுபடும் நிலை சக்தி 17 லட்சத்து 64 ஆயிரம் ஜூல். சுமார் ஆறு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சென்டிகிரேடிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பும், டயர்களின் உராய்வும், எஞ்சினின் தடையும் ஏற்றுக்கொள்ளுகின்றன. எஞ்சியது முழுவதும் பிரேக்குகளின் தலையில் விழுகிறது. வண்டியில் 10 கிலோகிராம் குறைத்தால் பிரேக்குகளின் சுமையும் அதே விகிதத்தில், அதாவது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேலாகக் குறையும். லாபம் சிறியதே, ஆயினும் லாபந்தான். பழைய மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்போரில் பலர், கனமான பாகங்களை அகற்றி இலேசான பாகங்களைப் பொருத்துவதில் இன்று ஆர்வங் காட்டுகின்றனர். இவ்வார்வம் எவ்விடத்தில் பயன் தரும், எவ்விடத்தில் உயிருக்கே தீங்காய் முடியும் என்பது ஆராயத்தக்கது.

இச்சாலையில் ஒரு காலத்தில் மிகுதியாகக் காணப்பட்ட வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். செக்கோஸ்லோவாக்கியாவில் பிரான்டிஷெக் யானெச்செக் என்பார் 1929-ல், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றுத் தொழில் தொடங்கினார். இவ்விரு பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைந்ததே ஜாவா என்னும் பெயர். 1960-ஐ ஒட்டி மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி நிறுவப்பட்டு, யாதவகிரியிலிருந்த தொழிற்சாலையில் ஜாவா வண்டிகள் தயாராயின. 1973 முதல் அவை யெஸ்டி என்ற பெயருடன் வெளிவந்தன. 1996-ல் ஆலை மூடப்பட்டது. எஞ்சின் ஒற்றை சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் வகை. சிலிண்டரின் உள்விட்டம் 65 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 75 மில்லிமீட்டர். ஒரே சிலிண்டராயினும் புகை வெளியேற இரண்டு குழாய்கள். உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் பயன்படும் விந்தை வேறு. பின்னாளில் வந்த ரோட்கிங் வண்டியின் எடை 140 கிலோகிராம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 2018-ல் ஜாவா என்ற பெயரில் மீண்டும் சந்தைக்கு வந்த புதிய நான்கு ஸ்ட்ரோக் வண்டியோ 170 கிலோகிராம் கனமுடையது. ஆகவே பழைய வண்டி அப்படியொன்றும் மிகையான பாரமுடையதன்று.

உலோகங்களின் கணக்கு

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், மக்னீசியம் 1.74 கிராம், கார்பன் இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யும் தகடு ஏறத்தாழ 1.6 கிராம். இவ்வெண்களை மட்டும் பார்ப்பவர், எஃகுப் பாகம் ஒவ்வொன்றையும் அலுமினியத்தில் செய்தால் வண்டி மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று எண்ணக்கூடும். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்கே. ஒரே அளவுள்ள இரு தண்டுகளின்மேல் ஒரே பாரத்தை ஏற்றினால், அலுமினியத் தண்டு மூன்று மடங்கு வளையும்.

இதற்குப் பரிகாரம் தண்டைப் பருமனாக்குவது. உருண்டைத் தண்டு வளைவை எதிர்க்கும் வலிமை அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்து வளருவதால், விட்டத்தை நூற்றுக்கு 32 வீதம் மட்டும் கூட்டினால் எஃகுத் தண்டின் விறைப்பு கிட்டிவிடும். அப்போதும் எடை எஃகுத் தண்டினுடையதில் ஏறக்குறைய 60 சதவிகிதமே. 40 சதவிகிதம் மிச்சம். பருமனாக்க இடமுள்ள பாகங்களில் இம்முறை சிறப்பாகப் பயன்படுகிறது. ஆனால் சக்கரத்தின் அச்சினைப் பாருங்கள்: அது பேரிங்கின் துவாரத்திற்குள் நுழைந்தாக வேண்டும், மில்லிமீட்டரில் ஒரு பாகங்கூடப் பருக்க அதற்கு இடமில்லை. எனவே எஃகு அச்சுக்குப் பதிலாக அதே அளவுள்ள அலுமினிய அச்சைக் கடைந்து போடுவது, எடை குறைந்ததென்று மகிழ்ந்துகொண்டே வலிமையைப் பறிகொடுப்பதாகும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. எஃகு ஒரு குறிப்பிட்ட வரம்புக்குட்பட்ட அழுத்தத்தை எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்திற்கு அத்தகைய திட்டமான வரம்பு கிடையாது. சிறு அழுத்தமானாலும் திரும்பத் திரும்ப நேருமாயின் ஒரு நாள் அது சோர்ந்து விரிசலுறும். உலோகச் சோர்வு எனப்படும் இக்குறை முன்கூட்டி அறிவிக்காது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்து முறிக்கும் சிறுவனுக்கு இது தெரிந்த செய்தியே. இலேசாக்கும் பொருட்டுச் சட்டத்திலும், பிரேக் நெம்புகோலிலும் வரிசையாகத் துளையிடும் வழக்கம் பந்தய வண்டிகளைப் பார்த்துப் பரவியது. துளையின் விளிம்பில் அழுத்தம் குவிகின்றது. விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். சில கிராம் லாபத்திற்காகச் செய்யப்படும் இவ்வேலை மலைச்சாலைக்கு ஒவ்வாதது.

பெரிய கம்பெனிகளுங்கூட இவ்விஷயத்தில் அடிபட்டுள்ளன. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. கம்பெனி வண்டியில் ஜெப் ஸ்மித் 1964, 1965 ஆகிய இரண்டாண்டுகளிலும் 500 கன சென்டிமீட்டர் மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டில் எடையை மேலுங் குறைக்கக் கருதி அக்கம்பெனி டைட்டானியத்தால் சட்டம் அமைத்தது. டைட்டானியம் எஃகினுங் குறைந்த விறைப்புடையதாதலால் சட்டம் நெளிந்தது, முறிவுகளும் நேர்ந்தன. சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள பிராணவாயுவையும் நைட்ரஜனையும் ஈர்த்து நொறுங்குந் தன்மை அடைவதால், ஆர்கன் வாயுவின் காப்பின்றி அதனைப் பற்றவைத்தல் இயலாது. பந்தயத் திடலில் அதற்கு வசதி ஏது? 1966-ல் பட்டத்தை வென்றவர் கிழக்கு ஜெர்மனியின் பால் பிரீட்ரிக்ஸ். அவர் ஏறிச் சென்றதோ ஜாவாவுக்கு உறவான சி.இசட். என்னும் செக்கோஸ்லோவாக்கிய டூ ஸ்ட்ரோக் வண்டி. வால்வுகள், அவற்றை இயக்கும் தண்டுகள் முதலியன அதில் அறவே இல்லை. அரிய உலோகத்தால் பெற முனைந்த இலேசு, பாகங்களின் எண்ணிக்கை குறைந்த எஞ்சினால் எளிதிற் கிடைத்தது.

எவ்விடத்துப் பாரம்?

ஒரு கிலோகிராம் எங்கிருந்தாலும் ஒரு கிலோகிராமே. எனினும் வண்டியின் ஓட்டத்தில் எல்லாக் கிலோகிராமும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. சக்கரத்தின் விளிம்பிலுள்ள ரிம்மும் டயரும் வண்டியோடு முன்னேறுவதுடன் தாமும் சுழலுகின்றன. ஆகையால், வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் விளிம்பிலுள்ள ஒரு கிலோகிராம் ஏறக்குறைய இரண்டு கிலோகிராமாகக் கணக்காகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். சாய்ந்த பலகையின் மேல்முனையிலிருந்து ஒரு வளையலையும், நடுவில் துளையில்லாத ஒரு வட்டத் தகட்டையும் ஒரே சமயத்தில் உருட்டிவிட்டால் தகடே முந்தும். இரண்டின் எடையும் விட்டமும் எவ்வளவாயினும் முடிவு மாறாது என்பதை மாணவர்கள் தாமே மாற்றி மாற்றிச் சோதித்தறிவது நன்று. முதலில் எவரும் நம்புவதில்லை.

மேலும், சக்கரங்கள் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே அமைந்தவை. சக்கரம் இலேசாயின் குண்டுங் குழியுமான பாதையில் அது தரையை விட்டெழாமல் ஒட்டி ஓடும். பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும் திருத்தமாயிருக்கும். ஆகவே எஃகு ரிம்முக்குப் பதில் தக்க தரமுள்ள அலுமினியக் கலவை ரிம்மைப் பொருத்துவதே பழைய வண்டியில் செய்யத்தக்க மாற்றங்களில் முதலிடம் பெறும். எஃகு ரிம்மின் எடை 3 கிலோகிராம் என்றால், அதற்கீடான அலுமினிய ரிம் சற்றுத் தடித்த சுவருடன் 1.8 கிலோகிராமளவில் அமையக்கூடும். இரு சக்கரங்களிலுமாக 2.4 கிலோகிராம் குறையும். முடுக்கத்தில் அது 5 கிலோகிராமுக்கு ஒப்பாகும். ஸ்போக் கம்பிகளைத் திருத்தமாக இழுத்துக்கட்டத் தெரிந்த கைக்குத்தான் இவ்வேலையை ஒப்படைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது பிரேக் டிரம். ஜாவாவின் சக்கர நடுப்பகுதி அலுமினியத்தால் ஆனது. உட்புறத்தில் பிரேக் கட்டைகள் உராயும் வளையம் மட்டும் வார்ப்பிரும்பு. முன்பு கணக்கிட்ட வெப்பத்தில் பிரேக்குகளின் பங்கு முதலில் சென்றடையும் இடம் இதுவே. ஒரு கிலோகிராம் இரும்பு ஒரு டிகிரி சூடேற 450 ஜூல் வேண்டும். அலுமினியத்திற்கு 900 ஜூல். இவ்வுலோகத்தைக் கடைந்து குறைத்தால் வெப்பத்தைத் தேக்கும் பாத்திரத்தையே சிறிதாக்கியதாகும். பாதி மலை இறங்குமுன் பிரேக் பிடிப்பிழக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்துவதில் பலவீனமானது. அன்றியும், பெட்ரோலில் கலந்த எண்ணெயே அதற்கு மசகாதலால், திராட்டிலை நெடுநேரம் மூடிவைத்து இறங்கினால் பிஸ்டனுக்கு எண்ணெயும் கிட்டாது. எனவே இவ்வண்டியில் பிரேக்கே முதன்மையான துணை. இதன் பாரம் தொடக்கூடாத பாரம்.

எஞ்சினுள் சுழலும் பளுச்சக்கரத் தகடுகளும் அவ்வாறே. அவற்றைக் கடைந்து இலேசாக்கினால் எஞ்சின் விரைவில் வேகம் பிடிக்குமென்பது மெய்; ஆனால் ஏற்றத்தில் மெல்லச் செல்லும்போது திணறி நின்றுவிடும். செயினை முற்றிலும் மூடியுள்ள எஃகு உறையையும் பலர் கழற்றி எறிகின்றனர். புழுதிப் பாதையில் அலையும் களப்பணியாளருக்கு இதனினுந் தவறான சிக்கனம் வேறில்லை. மணலுண்ட செயின் விரைவில் தேயும். இரு சைலன்ஸர்களுக்குப் பதிலாக இலேசான ஒன்றைப் பொருத்துவோர், டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகைக்குழாயின் நீளமும் வடிவமும் அழுத்த அலைகளின் வாயிலாகச் சக்தியையே மாற்றுமென்பதை மறந்துவிடுகின்றனர்.

மட்கார்டுகள், பக்கவாட்டுப் பெட்டிகள் முதலியன அதிக அழுத்தத்திற்கு உட்படாதவை. இவற்றைக் கண்ணாடி இழைத் தகட்டிலோ அலுமினியத்திலோ அமைப்பதில் தீங்கில்லை. ஆனால் முன் மட்கார்டின் தாங்கி சில வண்டிகளில் முன்கவையின் இரு கால்களையும் பிணைத்து நிறுத்துகிறது. அதனை மட்டும் அப்படியே விடவேண்டும். ஈய பாட்டரிக்குப் பதில் லிதியம் பாட்டரி வைத்தால் அப்பாகத்தின் எடை மூன்றில் ஒரு பங்காகலாம். எனினும் பழைய ஜாவாவின் ஆறு வோல்ட் டைனமோவும் ரெகுலேட்டரும் ஈய பாட்டரியைக் கருதி அமைந்தவை. மின்னேற்றத்தைச் சரிவரக் கட்டுப்படுத்தாமல் லிதியத்தை அதனோடு இணைப்பது அபாயம்.

செலவே இல்லாத எடைக் குறைப்பு ஒன்றுண்டு. 13 லிட்டர் கொள்ளும் தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றினால் அதன் எடை 9.6 கிலோகிராம். நாள்தோறும் 20 கிலோமீட்டர் மட்டும் செல்பவர் தொட்டியை நிரப்பாமலிருந்தாலே, விலையுயர்ந்த அலுமினியப் பாகங்கள் பலவற்றால் கிட்டும் அளவை அடைந்துவிடலாம். மாதேசுவரன் மலையேறுபவருக்கு இவ்வறிவுரை பொருந்தாது.

சட்டத்தையும் நோக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. வண்டியின் வெற்று எடையும் அச்சான்றிதழில் இடம்பெறும் விவரமே. பின்னிருப்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பு, கைப்பிடி, கால்வைப்பு ஆகியவை 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி இருந்தாக வேண்டியவை. எடையைச் சாக்கிட்டு அவற்றை நீக்கலாகாது.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை நிறுத்துப் பார்ப்பது அவசியம். முன்சக்கரத்தை ஒரு தராசிலும், பின்சக்கரத்தை அதே உயரமுள்ள மற்றொன்றிலும் நிறுத்தி, இரு எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே தராசு மட்டும் இருப்பின், மற்றச் சக்கரத்தின் கீழ் அதே உயரப் பலகையை வைத்து மாறி மாறி நிறுக்கலாம். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதையும் எழுதிவைக்காவிடில் கணக்குப் பிழைக்கும். பிறகு கழற்றப்படும் ஒவ்வொரு பாகத்தையும், அதனிடத்தில் வரும் பாகத்தையும் வில் தராசில் நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்து, மைசூரில் செய்யப்பட்ட பழைய பாகத்திற்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பெயரெழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். யாதவகிரி ஆலையிலிருந்து அத்தகைய பாகம் இனி வரப்போவதில்லை.