கண் சாயும் பக்கம்

பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென வாய் கோணுகிறது, நாக்கு குழறுகிறது, ஒரு கை தொங்கிவிடுகிறது. பக்கவாதம். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்க ஊசிமருந்து இருக்கிறது. பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் அது அடைப்பாக இல்லாமல் ரத்தக்கசிவாக இருந்துவிட்டால், அதே மருந்து உயிரைப் பறித்துவிடலாம். இரண்டையும் பிரித்துக்காட்ட சி.டி. ஸ்கேன் வேண்டும்; ஊசி போடலாமா என்று முடிவெடுக்கப் பழகிய மருத்துவர் வேண்டும். ஸ்கேன் வசதியுள்ள எல்லாச் சிற்றூர் மருத்துவமனைகளிலும் அந்த மருத்துவர் இருப்பதில்லை.

ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2003இல் இதற்கு ஒரு வழி கண்டது. மியூனிக், ரேகன்ஸ்பர்க் நகரங்களின் பக்கவாத மையங்களை 12 வட்டார மருத்துவமனைகளோடு நேரடி வீடியோவில் இணைத்தது. 'டெம்பிஸ்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர்.

தொலைபேசியில் கேட்டால் போதாதா? போதாது. மூளையின் பாதிப்பு உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் படிக்க முடியும். கண்களையே எடுத்துக்கொள்வோம். இடது மூளை பார்வையை வலப்பக்கம் தள்ளுகிறது. வலது மூளை இடப்பக்கம் தள்ளுகிறது. ஒரே கதவை இருபுறமும் நின்று இருவர் தள்ளுவது போன்றது இது. ஒருவர் கை தளர்ந்தால் கதவு அவர் பக்கமே சாயும். அதனால் மூளையின் மேற்பகுதியில் பெரிய அடைப்பு வந்தால், பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பக்கத்தையே நோக்கிக் கண்கள் திரும்பி நிற்கின்றன. பல மைல் தொலைவிலிருந்து கேமராவைத் திருப்பி, முகத்தை நெருக்கமாக்கிப் பார்க்கும் மருத்துவர் இதை நொடியில் கண்டுகொள்வார். பிறகு கையை நீட்டி 10 நொடி, காலைத் தூக்கி 5 நொடி வைத்திருக்கச் சொல்வார். எது தாழ்கிறது, எவ்வளவு வேகமாகத் தாழ்கிறது என்று பார்த்து மதிப்பெண் இடுவார். இப்படிப்பட்ட சோதனைகள் எல்லாம் சேர்ந்த மொத்த மதிப்பெண் 0 முதல் 42 வரை.

கலிஃபோர்னியாவில் 222 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2008இல் வெளியானது. பாதிப் பேருக்கு வீடியோவிலும் மீதிப் பேருக்குத் தொலைபேசியிலும் ஆலோசனை தரப்பட்டது. சிகிச்சை முடிவு சரியாக இருந்தது வீடியோவில் 98 சதவீதம், தொலைபேசியில் 82 சதவீதம்.

ஆனால் கேமராவால் தொட முடியாது. நோயாளியின் இரு கைகளையும் ஒரே நேரத்தில் தொட்டு, "எந்தக் கையில் பட்டது?" என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. இரண்டிலும் பட்டிருக்க, ஒன்றை மட்டும் சொன்னால் மறுபக்கத்தை மூளை கவனிக்கவில்லை என்று பொருள். அந்தத் தொடுதல் கட்டிலருகே நிற்கும் செவிலியருடையது. பவேரியர்கள் திரையை மட்டும் மாட்டிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் பக்கவாதப் பிரிவு அமைத்து, அங்கிருந்தவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த ஏற்பாடு இல்லாத மருத்துவமனைகளில் 54 சதவீதம் பேர் மோசமான நிலையில் இருந்தார்கள். இங்கே அது 44 சதவீதம். அந்த வேறுபாட்டில் திரைக்கு மட்டுமல்ல, அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு.

திரையில் தோன்றும் நிபுணர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: இவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? நான்கரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. வழக்கமான சி.டி. ஸ்கேன் அந்த நேரத்தைச் சொல்லிவிடாது. வீட்டில் உடனிருந்தவர்தான் சொல்ல வேண்டும். வாய் கோணுவதைக் கண்டால் கடிகாரத்தைப் பாருங்கள், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.