எதிர்கால மோதிகளில் ஹிக்ஸ் துகளின் அரிய சிதைவுகள்

ஆய்வுச் சுருக்கம்
ஹிக்ஸ் துகளின் அரிய சிதைவுகளைத் தேடுவதில் புரோட்டான் மோதிகளும் எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதிகளும் எவ்வகையில் வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஹிக்ஸ் துகள், அரிய சிதைவு, மியூவான், பின்னணி நிகழ்வு, எஞ்சிய நிறை

முன்னுரை
ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்ட செய்தியைச் செர்ன் ஆய்வகம் 2012 ஜூலை 4 அன்று அறிவித்தது. அதனைக் கண்டறிந்த இரு குழுக்களுள் ஒன்றான சிஎம்எஸ் குழுவில் இந்திய நிறுவனங்களும் பங்கேற்றிருந்தன. அக்கருவியின் புற ஹாட்ரான் ஆற்றல்மானியை அமைத்ததில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற்குப் பங்குண்டு. பின்னர்ச் சென்னை ஐஐடியும் அக்குழுவில் இணைந்தது. 2017இல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடாயிற்று. எனவே அடுத்த மோதி எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா தமிழக ஆய்வுலகிற்கும் உரியதாகும்.

அரிய சிதைவு என்பது
சுமார் 125 ஜிஇவி நிறையுடைய ஹிக்ஸ் துகள், தோன்றிய கணத்திலேயே பிற துகள்களாகச் சிதைகிறது. செந்தர மாதிரியின் கணிப்பின்படி, 100 சிதைவுகளுள் ஏறத்தாழ 58 பாட்டம் குவார்க் இணையைத் தருகின்றன. மியூவான் இணை 10,000இல் சுமார் 2 முறையும், எலக்ட்ரான் இணை 100 கோடியில் சுமார் 5 முறையுமே தோன்றும். ஒரு துகளின் நிறை மிகுந்தால் ஹிக்ஸுடன் அதன் பிணைப்பும் மிகும் என்பதே இதன் காரணம்.

பாட்டம் குவார்க், டாவ் போன்ற மூன்றாம் தலைமுறைத் துகள்களின் பிணைப்பு உறுதியாகிவிட்டது. மியூவான் சிதைவுக்கு 2020இல் சிஎம்எஸ் குழு அளித்தது 3 சிக்மா அளவிலான சான்று. கண்டுபிடிப்பென ஏற்க 5 சிக்மா வேண்டும். இலேசான துகள்களும் இதே வழியில்தான் நிறை பெறுகின்றனவா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அணுவின் அளவை வரையறுப்பது எலக்ட்ரானின் நிறை என்பதால் இவ்வினாவின் கனம் விளங்கும்.

எண்ணிக்கையும் தெளிவும்
மேம்படுத்தப்படும் பெரும் ஹாட்ரான் மோதியில் ஒவ்வொரு பெருங்கருவியிலும் 15 கோடிக்கு மேற்பட்ட ஹிக்ஸ் துகள்கள் தோன்றும் என மதிப்பிடப்படுகிறது. அவற்றுள் மியூவான் இணையாகச் சிதைபவை 30,000ஐத் தாண்டும். ஆயினும் வேறு வழிகளில் தோன்றும் மியூவான் இணைகள் அவற்றைவிடப் பன்மடங்கு மிகுதி.

சுமார் 91 கிலோமீட்டர் சுற்றளவில் திட்டமிடப்படும் எதிர்கால வட்ட மோதியின் எலக்ட்ரான்–பாசிட்ரான் கட்டத்தில் கிடைப்பவை 20 இலட்சத்தையொட்டிய ஹிக்ஸ் துகள்களே. அவற்றுள் மியூவான் சிதைவுகள் சில நூறுதான். எனினும், அங்கு மோதும் துகள்களின் ஆற்றல் முன்னரே அறியப்பட்டது. ஹிக்ஸுடன் பிறக்கும் இசட் துகளை அளந்து, அதன் பங்கைக் கழித்தால், எஞ்சிய நிறை 125 ஜிஇவி எனக் கிடைக்கும். ஹிக்ஸ் எவ்வாறு சிதைந்தது என்பதைக் காணாமலேயே அதன் இருப்பை அறியலாம். கருவியில் தடம் பதிக்காத சிதைவுகளைத் தேட இம்முறை பெரிதும் உதவும். அத்தகைய சிதைவு, செந்தர மாதிரியில் நியூட்ரினோக்கள் வழியாக 1000இல் 1 முறையே நிகழும். அதனை விஞ்சினால் கரும்பொருள் போன்ற புதிய துகள்களை ஐயுற இடமுண்டு.

எலக்ட்ரான் மோதியிலும் பின்னணி முற்றிலும் இல்லாமற்போவதில்லை. கற்றைகள் உமிழும் ஒளியன்கள் தமக்குள் மோதி ஹாட்ரான்களைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதை, இந்திய இயற்பியலாளர் ரோகிணி காட்போலே, மானுவல் டிரீசுடன் இணைந்து 1990களின் தொடக்கத்தில் சுட்டிக்காட்டினார். நேர்கோட்டு மோதிகளின் வடிவமைப்பில் இது கருதத்தக்க கூறாயிற்று.

முடிவுரை
அரிதாயினும் தெளிந்த தடம் பதிக்கும் சிதைவுகளுக்குப் புரோட்டான் மோதியின் எண்ணிக்கை துணைசெய்கிறது. தடமற்ற சிதைவுகளுக்கும், பின்னணியில் மறையும் சிதைவுகளுக்கும் எலக்ட்ரான் மோதியின் தெளிவு தேவைப்படுகிறது. ஆகவே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன எனக் கொள்வதே பொருந்தும்.