நிழலை வார்க்கும் சீவுளி

வாசற்கதவின் நிலையிலும், அலுமாரியின் தலைப்பிலும், படச்சட்டத்தின் ஓரத்திலும் வளைவும் நெளிவுமாக ஓடும் மரவேலைப்பாட்டைக் காணாதார் இலர். தச்சர் அதனை மோல்டிங் என்பர். அதனை வெறும் அலங்காரம் என்று கருதுவோர் பலர். ஆயினும் அதன் உண்மைப் பணி நிழலை உண்டாக்குதலே. மட்டமான பலகையின்மீது ஒளி ஒரே சீராக விழும். அதில் புறங்குவிந்த வளைவொன்றை அமைத்தால் ஒளி மெல்ல மெல்ல மங்கும். உட்குழிந்த வளைவில் நிழல் மேலே அடர்ந்து கீழே தெளியும். இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய பட்டியொன்றை விட்டால் கூரிய கோடு புலப்படும். இவற்றை எந்த அளவில், எவ்வரிசையில் அடுக்குவது என்பதிலேயே தச்சரின் புலமை அடங்கியுள்ளது.

கோயில் அதிட்டானத்தை உற்றுநோக்கிய நேயர்களுக்கு இது புதிதன்று. உருண்டு பருத்த குமுதமும், இதழ்போல் வளையும் பத்மமும், உள்வாங்கிய கண்டமும் கல்லிலே செய்யும் பணியைத்தான் ஐரோப்பியத் தச்சர் மரத்திலே செய்வித்தனர். அவர்கள் முதலிற் பின்பற்றியவை உரோமரின் வடிவங்கள். அவற்றின் வளைவுகள் வட்டத்தின் கூறுகள். ஸ்டூவர்ட், ரெவெட் என்னும் இருவர் ஏதென்ஸ் நகரத்துப் பழங்கட்டடங்களை அளந்து வரைந்த நூலின் முதற்பாகம் 1762 இல் வெளிவந்தது. பின்னர் நீள்வட்டத்தை ஒத்த கிரேக்க வளைவுகள் படிப்படியாகச் செல்வாக்குப் பெற்றன.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வேலைக்குரிய கருவி ஒடுங்கிய மரச் சீவுளி. சாதாரணச் சீவுளியின் அடிப்பாகம் தட்டையானது. இதன் அடிப்பாகமோ வேண்டிய வடிவத்திற்கு நேர்மாறாகக் கடையப்பட்டிருக்கும். அலகும் அவ்வடிவிலேயே தீட்டப்படும். ஒரு சீவுளி ஒரே வடிவத்தைத்தான் தரும் என்பது இதன் குறை. அதனால் வட்டத்தின் ஆறிலொரு பங்கு வளைவுடைய சீவுளிகளை இணை இணையாகச் செய்தனர். ஓர் இணையில் ஒன்றின் அடி குழிந்தது; மற்றையதன் அடி குவிந்தது. குழிந்த அடி குவிந்த வளைவைத் தரும்; குவிந்த அடி குழிந்த வளைவைத் தரும். புதிதாகப் பழகுவோர் இதில் தடுமாறுவதில் வியப்பில்லை. முழுத் தொகுதியில் 18 இணைகள், அதாவது 36 சீவுளிகள் இருந்தன. அவற்றுட் பாதியே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

இவற்றிற்கு வழிகாட்டும் ஓரத்தடுப்போ ஆழத்தடுப்போ கிடையாது. பின் எவ்வாறு அவை நேராகச் செல்கின்றன? இதுவே இத்தொழிலின் நுட்பம். தச்சர் முதலிற் பலகையின் நுனிமரத்தில் வடிவத்தை வரைந்துகொள்வார். குழிவு வரவேண்டிய இடத்தில் சதுரமான படியொன்றை வெட்டுவார். குவிந்த சீவுளி அப்படியின் இரு விளிம்புகளையும் பற்றிக்கொண்டு ஓடும். குவிவு வரவேண்டிய இடத்திலோ மூலையைச் சரிவாகச் சீவிவிடுவார். குழிந்த சீவுளி அச்சரிவின் இருபுறமும் கவிந்து நிற்கும். படியும் சரிவும் செவ்வையாக அமைந்தால் வேலையில் முக்காற்பங்கு முடிந்தது எனலாம். அவை பிழைத்தால் எத்துணைச் சிறந்த சீவுளியும் அதனைத் திருத்தாது. மரத்தின் தேர்வும் முக்கியமானது. நார் நேராக ஓடாத பலகையிற் சீவுளி மரத்தைப் பிய்த்தெறியும். 

கூரையை அடுத்துவரும் அகன்ற மோல்டிங்கிற்கு உரிய சீவுளி ஒருவரால் தள்ள முடியாத பளுவுடையது. தொழில் பயிலும் சிறுவன் கயிறு கட்டி முன்னே இழுக்க, தச்சர் பின்னே தள்ளுவார்.

இக்கருவிகளைச் செய்தோருள் சீசர் செலோர் என்பவரின் வரலாறு அறியத்தக்கது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பகுதியில் ரென்தம் என்னும் ஊரில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற சீவுளி செய்வோர் இருந்தார். செலோர் அவருடைய அடிமையாயிருந்த ஆபிரிக்க இனத்தவர். அப்பட்டறையிலேயே தொழிலைக் கற்றார். 1753 இல் நிக்கல்சன் இறந்தபோது அவரது மரணசாசனத்தின்படி செலோருக்கு விடுதலையும், வேலைமேசையும், கருவிகளும், சிறிது நிலமும் கிடைத்தன. பிறருடைமையாக இருந்தவர் அதன்பின் தாம் செய்த சீவுளிகளின் முகப்பில் தமது பெயரையும், ரென்தமில் வாழ்பவர் என்ற குறிப்பையும் பொறித்தார். ஒரு மனிதர் சட்டப்படி தமக்குரியவரானதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? 1784 இல் அவர் மறைந்தார். அவர் செய்த சீவுளிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் 1793 இல் மரவேலை இயந்திரங்களுக்கு உரிமை பெற்றார். அடுத்த நூற்றாண்டில் நீராவியால் இயங்கிய இயந்திரங்கள் மலிந்தபோது, கைச்சீவுளி மெல்ல மெல்லப் பரணுக்குச் சென்றது. ஆயினும் அது முற்றாக ஒழியவில்லை. பழைய வீடொன்றின் யன்னலில் ஒரு முழம் மோல்டிங் உளுத்துப்போனால், அதே வளைவு இயந்திரச் சாலையிற் கிடைப்பது அரிது. அச்சிறு துண்டுக்கென இயந்திர அலகைச் செய்விப்பது பெருஞ்செலவு. அப்போது பழுதுபார்ப்போர் எஞ்சிய துண்டின் நுனியைத் தாளில் வரைந்தெடுத்து, படி வெட்டி, நாலைந்து சீவுளிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அன்று மாலைக்குள் அதனைப் பொருத்திவிடுகின்றனர். விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்தால் அத்துண்டில் சீவுளி சென்ற மெல்லிய வரிகள் தெரியும். அருகிலுள்ள பழைய துண்டிலும் அவ்வாறே தெரியும்.