தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் காய்ச்சல்

மதுரையில் குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம், பக்கெட் என்று வீட்டிலுள்ள பாத்திரம் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அடுத்த தண்ணீர் எப்போது என்று உறுதியில்லாத தெருக்களில் இப்படிப் பிடித்து வைப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் வாழ்கிறது.

சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்பும். நெல்வயலில் பெருகும் அதன் உறவினம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும். ஏடிஸுக்கோ வீட்டிலும் அதைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். இத்தகைய பூச்சிகளை ஆராய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-களிலேயே மதுரையில் ஒரு மையத்தைத் தொடங்கியது. இன்று அது புதுச்சேரி நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் கள நிலையமாக இயங்குகிறது.

கொட்டினால் மட்டும் போதாது

மூடியில்லாத சிமெண்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். பார்த்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். புழு போய்விடும், முட்டை போகாது.

பெண் ஏடிஸ் நீர்மட்டத்தை ஒட்டி, ஈரம் பிடித்த சுவரில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. இடும்போது வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத அது, சொரசொரப்பான சிமெண்டில் கண்ணுக்கே தட்டுப்படாது. ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை வரை இடும். அதையும் ஒரே இடத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து இடும்.

உள்ளே கரு முதிர்ந்துவிட்டால், தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆவணியில் காலியாகக் கிடந்த தொட்டி ஐப்பசி மழையில் நிரம்பும். நீர்மட்டம் ஏறி முட்டையைத் தொட்டதும் அது பொரியும். அதிலிருந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். மழைக்காலத்தோடு காய்ச்சலும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் 2012-இல் 12,000-க்கும் மேற்பட்டோருக்கும், 2017-இல் 23,000-க்கும் மேற்பட்டோருக்கும் டெங்கு பதிவானது. இரண்டு ஆண்டுகளிலும் தலா 60-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம்.

மாநகராட்சிப் பணியாளர்கள் தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்து புழுவைக் கொல்லும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீரிலும் பயன்படுத்த உலக சுகாதார அமைப்பு அனுமதித்த மருந்து அது. வாடை பிடிக்காமல் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மருந்தும் அதோடு போய்விடும். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே தாக்கும். கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒதுங்கும் ஏடிஸ் பெரும்பாலும் அதில் தப்பிவிடும்.

ஆகவே, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று பாத்திரத்தைக் காலி செய்து, உட்சுவரைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். மூடியில்லாத டிரம்மின் வாயில் துணி கட்டலாம். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மழையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், தேங்காய்ச் சிரட்டை எதையும் விடக் கூடாது.

பள்ளிக்கூடத்தில்

ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காலையிலும் அந்தி சாய்வதற்கு முந்தைய மணி நேரங்களிலும் அதிகம் கடிக்கும். இரவில் கொசுவலைக்குள் படுக்கவைக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காலாண்டு விடுமுறையிலும் தீபாவளி விடுமுறையிலும் கழிப்பறை பக்கெட்டுகளிலும் மொட்டைமாடியிலும் நிற்கும் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. ஒரு வாரம் தாண்டினாலே அங்கே ஒரு தலைமுறைக் கொசு உருவாகிவிடும். பூட்டுவதற்கு முன்பு காலி செய்வதும், திறப்பதற்கு முதல் நாள் டார்ச்சோடு ஒரு சுற்று வருவதும் பள்ளியின் வழக்கமாக வேண்டும்.

மக்கள் சேர்ந்து செய்தால் நடக்கும். வடக்கு வியட்நாமில் 1990-களில், கொசுப்புழுவைத் தின்னும் மெசோசைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரியைக் கிராமத்தார் தொட்டிகளில் விட்டார்கள். தண்ணீர் தேங்கும் குப்பைகளையும் அகற்றினார்கள். சில ஊர்களில் ஏடிஸ் கொசுவே இல்லாமல் போனது.

ஆனால், முழுப் பொறுப்பையும் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட முடியாது. தினமும் நம்பகமாகத் தண்ணீர் வந்தால் யாரும் நாள்கணக்கில் அண்டாவில் பிடித்து வைக்கப் போவதில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்பிலிருந்து மதுரைக்குக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தை அதனால் டெங்கு ஒழிப்புத் திட்டமாகவும் பார்க்க வேண்டும். சுவரைத் தேய்ப்பது நம் வேலை. கடைசித் தெருவின் குழாயிலும் தினமும் தண்ணீர் வரச் செய்வது அரசின் வேலை. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் மழைக்காலத்தில் காய்ச்சல் வார்டுகளின் கூட்டம் குறையும்.