சீனாவில் பணிபுரியும் மேலைத்தேயத்தவர்

தொழில் தேடிக் கடல் கடப்போர் என்றதும் வறிய நாடுகளிலிருந்து செல்வந்த நாடுகளுக்குச் செல்வோரே எமது நினைவுக்கு வருகின்றனர். ஆயினும் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் முகாமையாளர்களாகவும் சீனாவுக்குச் சென்று பணிபுரிவோரும் உள்ளனர். 2020 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது சீனப் பெருநிலப்பரப்பில் வசித்த வெளிநாட்டவர் 845,697 பேராவர். அண்டைய ஆசிய நாட்டவரும் மாணவரும் இதில் அடங்குவர். சுமார் 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இது மிகச் சிறிய தொகையே.

இவர்களது அன்றாட வாழ்வு ஆவணங்களிலிருந்தே ஆரம்பமாகின்றது. ஹோட்டலில் தங்காதவர் 24 மணித்தியாலத்துக்குள் தமது இருப்பிடத்தைப் பொலிஸில் பதிவு செய்தல் வேண்டும். தொழில் விசாவில் வருபவர் 30 நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்த முறையின்படி, வெளிநாட்டுப் பணியாளர் ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றனர். கல்வித் தகைமை, சம்பளம், வயது, சீனமொழி அறிவு என்பவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

இவ்வாறு பெறப்படும் தொழில் அனுமதி, குறித்த ஒரு நிறுவனத்துடன் பிணைக்கப்பட்டதாகும். வேறிடத்தில் பணியாற்ற விரும்புபவர், பழைய நிறுவனம் தமது அனுமதியை இரத்துச் செய்து உரிய கடிதத்தை வழங்கும் வரை காத்திருக்க நேர்கின்றது. அக்கடிதம் தாமதமானால் புதிய வேலை மாத்திரமன்றி, நாட்டில் தங்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகின்றது. வாடகை வீடும் பிள்ளையின் பாடசாலையும் அதனோடு சேர்ந்தே ஆட்டங்காண்கின்றன.

கடைத்தெருவிலோ வேறு வகையான சிரமங்கள் உள்ளன. காய்கறி வாங்குவது முதல் வாடகை வாகனம் அமர்த்துவது வரை வீசட், அலிபே ஆகிய கையடக்கத் தொலைபேசிச் செயலிகள் மூலமே பெரும்பாலும் பணம் செலுத்தப்படுகின்றது. உள்ளூர் வங்கிக் கணக்கில்லாதோர் இதனால் நீண்டகாலம் இடர்ப்பட்டனர். 2023 இல் வெளிநாட்டுக் கடனட்டைகளை இச்செயலிகளுடன் இணைக்கும் வசதி விரிவாக்கப்பட்ட பின்னரே நிலைமை இலகுவானது. கூகிள், பேஸ்புக், யூரியூப் ஆகியன அங்கு தடுக்கப்பட்டுள்ளமையால் தாய்நாட்டிலுள்ள உறவினருடன் வழக்கமான முறையில் தொடர்புகொள்வதும் எளிதல்ல.

எனினும் இவர்களை வெறுமனே அனுதாபத்துக்குரியோராக நோக்குவதும் பொருத்தமன்று. பலருக்கு உள்ளூர்வாசிகளைவிடக் கூடிய சம்பளமும் வீட்டு வாடகைக் கொடுப்பனவும் கிடைக்கின்றன. சிலரது பிள்ளைகளின் சர்வதேசப் பாடசாலைக் கட்டணத்தையும் நிறுவனமே செலுத்துகின்றது. அதே ஷாங்காய் நகரில், கிராமத்திலிருந்து வந்து கட்டடம் கட்டும் சீனத் தொழிலாளியின் பிள்ளையோ, குடும்பப் பதிவு சொந்த ஊரில் இருப்பதால், பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்குப் பொதுவாக அவ்வூருக்கே திரும்ப வேண்டியுள்ளது.

ஆனால் இச்சலுகைகள் உறுதியானவையல்ல என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டின. கொவிட்-19 தொற்றையடுத்து 2020 மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் வதிவிட அனுமதி வைத்திருந்த வெளிநாட்டவரின் வருகையும் இடைநிறுத்தப்பட்டது. விடுமுறையில் சென்றிருந்த பலர் குடும்பத்தையும் உடைமைகளையும் பிரிந்திருக்க நேர்ந்தது. 2021 ஜூலையில் தனியார் பிரத்தியேக வகுப்புகள் மீது விதிக்கப்பட்ட கடுங்கட்டுப்பாடுகள், ஆங்கில ஆசிரியர்கள் பலரது தொழிலைப் பாதித்தன. 2022 இல் ஷாங்காய் நகரம் சுமார் இரண்டு மாதங்கள் முடக்கப்பட்டபோது, உணவுக்காகக் காத்திருந்தவர்களில் இவர்களும் அடங்குவர்.

2004 முதல் நிரந்தர வதிவிட முறை இருப்பினும் அதனைப் பெற்றோர் மிகச் சிலரே. பல்லாண்டுகள் உழைத்தவரும் விருந்தினராகவே கருதப்படுகின்றார். தங்கும் உரிமை தொழில்தருநரின் கடிதத்தில் தங்கியிருக்கும் வரை, உயர்ந்த சம்பளம் கூட ஒருவருக்கு முழுமையான பாதுகாப்பை வழங்குவதில்லை. தொழிலை மாற்றிக்கொள்வதற்கு நியாயமான கால அவகாசத்தைச் சட்டம் உறுதிப்படுத்துவதே, எந்நாட்டுப் பணியாளராயினும் அவருக்கு அளிக்கக்கூடிய முதலாவது பாதுகாப்பு என்பது எமது கருத்தாகும்.