அஞ்சலில் போயிருந்த கடவுச்சீட்டு

2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அதிகாலையில் எங்கள் தாயார் இறைவனடி சேர்ந்தார்கள். வேளாங்கண்ணியில் கொடி ஏறி மூன்று நாள்களே ஆகியிருந்தன. செய்தி அறிந்து முற்றத்தில் கூடிய ஊர்ப் பெரியவர்கள் கேட்ட முதற் கேள்வி, "சாமி எப்போ வர்றாங்க?" என்பதே. சாமி என்றது என் இளைய தம்பியை. குருப்பட்டம் பெற்ற நாள்முதல் அம்மாவும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் அப்போது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் மேற்குக் கோடியில், மூன்று சிற்றூர்ப் பங்குகளுக்கு ஒரே குருவாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

"வர முடியாது. பாஸ்போர்ட் தபாலில் போயிருக்கிறது" என்றேன்.

கூடியிருந்தோருக்கு அது விளங்கவில்லை. தபாலில் கடிதம் போகும், பணவிடை போகும். பாஸ்போர்ட்டை யாராவது தபாலில் போடுவார்களா? நான் தம்பிக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லையோ என்றுகூட ஒருவர் ஐயுற்றார். அன்று விளக்கிச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. இன்று எழுதுகிறேன். பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ கடல்கடந்து அனுப்பாத குடும்பம் நம் பங்குகளில் இன்று அரிது. மணமாகிப் போன பெண்கள், கணிப்பொறி வேலைக்குப் போனவர்கள், இத்தாலியிலும் ஜெர்மனியிலும் முதியோர் இல்லங்களில் நோயாளிகளைப் பேணும் அருட்சகோதரிகள், இவர்கள் எல்லாருடைய கையிலும் இருப்பது அந்தச் சிறு புத்தகம் ஒன்றே.

அமெரிக்காவில் வாழும் இந்தியர் கடவுச்சீட்டுக்கு நினைத்த இடத்தில் விண்ணப்பிக்க முடியாது. வாஷிங்டனில் நம் தூதரகமும், நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, ஹூஸ்டன், அட்லாண்டா முதலிய நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. எந்த மாநிலத்தார் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்பது வகுக்கப்பட்டிருக்கிறது. அயோவா சிகாகோவைச் சேர்ந்தது. தம்பி இருந்த ஊரிலிருந்து சிகாகோ ஏறத்தாழ 800 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போவதைவிடத் தொலைவு. மூன்று கோவில்களில் திருப்பலி நிறைவேற்றும் தனிக்குரு இதற்காகப் போய்வர எத்தனை நாள் செலவிடுவார்? ஆகவே அஞ்சல் வழியே விண்ணப்பிக்க இடம் தரப்பட்டிருக்கிறது. அரசின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, கையொப்பமும் பெருவிரல் பதிவும் இட்டு, தூதரகம் அமர்த்தியுள்ள ஒப்பந்த நிறுவனத்துக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். திரும்பி வருவதற்கான கூரியர் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும்.

அந்த உறையினுள் கடவுச்சீட்டும் போகவேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. நாம் புதுப்பித்தல் என்கிறோம். விதிகளின் சொல் மறுவழங்கல். முற்காலத்தில் பழைய புத்தகத்திலேயே முத்திரையிட்டுக் காலத்தை நீட்டித் தந்ததுண்டு. இன்று அப்படியில்லை. புதிய எண்ணோடு புதிய புத்தகம் அச்சாகிறது. பழையது மூலை வெட்டப்பட்டு, ரத்து முத்திரையோடு திரும்பி வருகிறது. அனுப்பிய நாளிலிருந்து இரண்டும் கைக்கு வந்து சேரும் நாள்வரை அந்த மனிதர் நாட்டைவிட்டு அசைய முடியாது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அது சில வார காலம்.

தம்பியின் கடவுச்சீட்டு 2013 அக்டோபரில் வழங்கப்பட்டது. பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லும். ஆகவே 2023 அக்டோபர் என்று அவர் மனத்தில் பதிந்திருந்தது. அட்டையில் அச்சிட்ட நாள் மெய்யான நாள் அன்று என்பதை அவரும் அறிந்திருக்கவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை. பல நாடுகள், வருகிறவரின் கடவுச்சீட்டில் இன்னும் ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும் என்கின்றன. அவ்வளவு இல்லையென்றால் விமான நிறுவனமே ஏற்றிக்கொள்ள மறுக்கலாம். நம் விதிகளோ காலம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்க இடம் தருகின்றன. அந்த ஓராண்டைச் சலுகை என்று எண்ணிக்கொண்டு கடைசி மாதம்வரை காத்திருப்பவர்களே மிகுதி. என் தம்பி அவர்களுள் ஒருவர்.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. குருக்களும் துறவியரும் அங்குப் பெறுவது ஆர்-1 எனும் சமயப் பணியாளர் அனுமதி. ஒருமுறைக்கு அதிகபட்சம் 30 மாதம், நீட்டிப்போடு மொத்தம் ஐந்தாண்டு. ஆயின் அங்கே எந்த நாள்வரை தங்கலாம் என்பதை முடிவு செய்வது விசா அன்று. விமான நிலையத்தில் இறங்கும்போது அதிகாரி பதிவு செய்யும் ஐ-94 எனும் வருகைப் பதிவே. கடவுச்சீட்டின் காலம் முன்னதாக முடிவதாயின், அந்த நாளோடு தங்கும் காலத்தையும் அவர் நிறுத்திவிடலாம். 2023 சனவரியில் விடுமுறை முடிந்து திரும்பிய தம்பிக்கு அப்படித்தான் நிகழ்ந்தது. பணி அனுமதி அடுத்த ஆண்டுவரை இருக்க, வருகைப் பதிவு அக்டோபரோடு முடிந்திருந்தது. அவர் அதைக் கவனித்ததே சூலையில், ஓட்டுநர் உரிமத்தின் காலம் ஏன் இவ்வளவு குறுகியது என்று வியந்து தேடியபோதுதான். வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்தப் பதிவை இணையத்தில் எடுத்து நாளைப் பார்த்துவிடுவது நல்லது. ஐந்து நிமிட வேலை.

விண்ணேற்பு விழா முடிந்த மறுநாள் உறையை அனுப்பினார். விரைவுச் சேவையான தத்கால் முறையில் கூடுதல் கட்டணம் செலுத்தியிருக்கலாம்; பங்கு மக்களின் காணிக்கைப் பணம் வீணாவானேன் என்று அவர் சாதாரண முறையையே தேர்ந்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவர் அப்படித்தான் கணக்குப் பார்ப்பார்.

ஏழாம் நாள் ஒரு செய்தி வந்தது: நிழற்படம் ஏற்கப்படவில்லை. தம்பி தம் வெள்ளை அங்கியில் படம் எடுத்திருந்தார். விதிப்படி பின்னணியும் வெள்ளை. தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை! கருநிறச் சட்டை அணிந்து மீண்டும் எடுத்து அனுப்பினார். அதில் ஒரு வாரம் போயிற்று. அருட்சகோதரிகள் முக்காட்டுடன் படம் எடுத்துக்கொள்ளலாம். நெற்றியிலிருந்து முகவாய்வரை முகம் முழுவதும் நிழலின்றித் தெரியவேண்டும், அவ்வளவே. கையொப்பம் கட்டத்தின் கோட்டைத் தொட்டாலும் திருப்பி அனுப்புவதுண்டு. அருகில் இருந்தால் நின்ற இடத்தில் திருத்திக் கொடுத்துவிடலாம். அஞ்சலில் ஒவ்வொரு சிறு பிழைக்கும் விலை ஒரு வாரம்.

அந்த வாரத்தில்தான் அம்மா படுக்கையில் விழுந்தார்கள். ஆகஸ்ட் 30 இரவு மருத்துவர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார். நான் தம்பியை அழைத்தேன். அவர் ஏற்கெனவே துணைத் தூதரகத்தின் அவசர எண்ணில் பேசியிருந்தார். கடவுச்சீட்டு கையில் இல்லாத இந்தியர் தாயகம் திரும்ப அவசரச் சான்றிதழ் என்றொரு ஆவணம் உண்டு. உரிய காரணம் காட்டினால் பெறலாம். ஆனால் அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே உரியது. அதைக்கொண்டு வந்தால், திரும்பிப் போவதற்கு இங்கே கடவுச்சீட்டு வாங்க வேண்டும். விசாவுக்கும் புதிதாக நேர்காணல் வேண்டியிருக்கும். எத்தனை மாதம் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அங்கே மூன்று கோவில்களும் வேறு குருவின்றி நிற்கும்.

"வந்துவிடு தம்பி. மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றேன்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அம்மாகிட்ட ஃபோனைக் குடுங்க" என்றார். அம்மாவுக்குப் பேச்சு அடங்கியிருந்தது. கேட்கும் திறன் இருந்தது. தம்பி அங்கிருந்தே நோயாளிகளுக்கான செபத்தைச் சொன்னார். முடிந்ததும் அம்மாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சாமி என்றுதான் இருக்கும் என்று என் மனைவி இன்றும் சொல்லுவாள். அவசரச் சான்றிதழுக்குத் தம்பி விண்ணப்பிக்கவில்லை. அது சரியா தவறா என்று எங்கள் உறவினரிடையே இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. என் தங்கை அவரோடு ஆறு மாதம் பேசவில்லை.

இவ்வளவு எழுதியபின், பங்கில் படிவம் நிரப்பித் தரக் கேட்டு என்னிடம் வருவோர் மூலம் கண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர்க்குப் பெயரால் வரும் தொல்லை பெரிது. திருமுழுக்குப் பதிவேட்டில் சவரிமுத்து, பள்ளிச் சான்றிதழில் சேவியர். சூசை என்றும் ஜோசப் என்றும், ராயப்பன் என்றும் பீட்டர் என்றும் ஒருவரே இரண்டு பெயரில் வாழ்வார். ஒரே புனிதர்தாம் என்பது நமக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. இதோடு நம் முன்னெழுத்து வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்ட முதியோர் பலர் திகைத்தனர். முன்னெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதுவதே இதற்கு வழி. அதை இங்கே இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும். பெயர் மாற்றத்தை வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் செய்ய முயன்றவர் படும் பாடு சொல்லி முடியாது. பிள்ளைகள் செய்தியும் அப்படியே. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த நாளுக்குச் சான்று என 2025இல் விதி திருத்தப்பட்டது. திருமுழுக்குச் சான்று அதற்கு ஈடாகாது. சிறுவரின் கடவுச்சீட்டு ஐந்தாண்டே செல்லும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். தந்தையின் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையுடையதைப் பாராமல் விமான நிலையம்வரை வந்து திரும்பிய குடும்பம் ஒன்று எங்கள் பங்கிலேயே உண்டு.

வளைகுடாவில் வேலை செய்வோர்க்குத் துன்பம் அஞ்சலால் அன்று, முதலாளியின் பெட்டியால். ஆளை இறக்கியதும் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் அங்கே நெடுநாளாக இருந்துவருகிறது. இந்தியக் கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை என்று 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லுகிறது. அதை ஈடாகப் பிடித்துவைக்கும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை. கத்தாரில் 2015ஆம் ஆண்டின் 21ஆம் எண் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கியது. சட்டம் இருப்பது தெரிந்தால்தானே கேட்க வாய் வரும்?

அஞ்சலில் அனுப்புகிறவர் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாக விசாப் பக்கத்தை, படியெடுத்து ஒன்றைத் தம்மிடமும் ஒன்றை ஊரில் வீட்டாரிடமும் வைக்கவேண்டும். கூரியர் எண்ணையும் வீட்டார்க்குச் சொல்லிவைக்க வேண்டும். சில வேளைகளில் காவல் நிலையத்தார் இங்குள்ள முகவரிக்கு விசாரிக்க வருவர். என்ன ஏது என்று தெரியாமல் விழிக்கும் முதியவர்கள், "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று பயந்து சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா அன்று தம்பியின் கையில் இரண்டு புத்தகங்களும் சேர்ந்தன. பழைய புத்தகம் ரத்தானாலும் அதிலுள்ள விசா சிதையாமல் இருந்தால் அதன் காலம்வரை செல்லும். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும், விசாத் தாளைக் கிழித்தெடுக்கக் கூடாது. முப்பதாம் நாள் திருப்பலிக்கு அவர் வந்து சேர்ந்தார். தாம் அடக்கம் செய்யாத தாயின் கல்லறையை அவரே மந்திரித்தார். அக்டோபரில் புதிய புத்தகத்தோடு திரும்பியபோது, வருகைப் பதிவு பணி அனுமதியின் இறுதி நாள்வரை முழுமையாக இடப்பட்டது.

புறப்படும் முன்னிரவு, வீட்டுத் திருவிவிலியத்தைத் தம்பி கேட்டு வாங்கினார். அதன் முதல் பக்கத்தில் எங்கள் திருமுழுக்கு நாள்களையும் திருமண நாள்களையும் அப்பா எழுதி வைத்திருந்தார். அப்பாவின் இறந்த நாளை அம்மா எழுதவைத்தார்கள். அம்மாவின் நாளைத் தம்பி எழுதினார். பேனாவை மூடாமல், அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'சாமியின் பாஸ்போர்ட், 2032 செப்டம்பரிலேயே அனுப்ப வேண்டும்.'