மறதிக்கு ஒரு காவல்

பேசினால் எரியும் விளக்கு வேடிக்கை. நிரம்பியதும் நிற்கும் மோட்டார் தேவை. தானியங்கி வீட்டில் எது காசுக்கு மதிப்பு, எது வெறும் பகட்டு?

காலை ஆறு மணிக்கு டெல்லியின் எந்தக் குடியிருப்புத் தெருவில் நடந்தாலும் அந்தச் சத்தம் காதில் விழும். மூன்றாவது மாடிக்கு மேல் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி நிரம்பி, சுவரோடு வழிந்து, தெருவில் கொட்டும் தண்ணீர். மோட்டாரைப் போட்டவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார், அல்லது டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருப்பார். 2024 மே மாத இறுதியில், வெயில் வாட்டியெடுத்த தலைநகரில் இந்த மறதிக்கு விலை நிர்ணயிக்கப்பட்டது: 2,000 ரூபாய். தொட்டி வழிந்தாலும், குழாய் பிடித்துக் கார் கழுவினாலும் அபராதம் என்று அறிவித்த டெல்லி அரசு, தெருத்தெருவாகக் கண்காணிக்க 200 குழுக்களை அமைக்கும்படி குடிநீர் வாரியத்துக்கு உத்தரவிட்டது.

அபராதத்தைவிட மலிவான மருந்து எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறது. தொட்டிக்குள் மிதக்கும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச். தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறும். குறித்த உயரம் வந்ததும் மோட்டாரை நிறுத்தும். விலை சில நூறு ரூபாய். இணையம் வேண்டாம், செல்போன் வேண்டாம். கீழே தரையடித் தொட்டியிலும் ஒன்றைப் போட்டுவிட்டால், தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி மோட்டார் கருகுவதும் நிற்கும். இந்திய வீடுகளுக்குள் முதலில் நுழைந்த தானியங்கிகளில் ஒன்று இதுதான். ஆனால் 'ஸ்மார்ட் ஹோம்' விளம்பரங்களில் இதற்கு இடமில்லை. அங்கே யாரோ ஒருவர் சோபாவில் சாய்ந்தபடி விளக்கிடம் பேசிக்கொண்டிருப்பார்.

அமெரிக்கக் கனவு, இந்தியத் தேவை

அந்தக் கனவுக்கு வயது அதிகம். 1966-லேயே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர் ஜிம் சதர்லேண்ட், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தன் வீட்டை நிர்வகிக்க ஒரு கணிப்பொறியைக் கட்டினார். எக்கோ-4 என்ற அந்த இயந்திரத்தின் எடை சுமார் 360 கிலோ. 1975-ல் ஸ்காட்லாந்தின் பைக்கோ எலக்ட்ரானிக்ஸ், வீட்டு மின்கம்பி வழியாகவே கட்டளைகளை அனுப்பும் எக்ஸ்-10 முறையை உருவாக்கியது. குரலுக்குக் கீழ்ப்படியும் அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் 2014-ல் அமெரிக்காவில் அறிமுகமாகி, 2017-ல் இந்தியாவுக்கு வந்தது.

இந்தியாவில் தானியக்கம் பிறந்த இடம் வரவேற்பறை அல்ல, வயல்வெளி. விவசாயத்துக்கு மின்சாரம் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வரும். இருட்டில், பாம்புக்குப் பயந்து, வரப்பில் நடந்துபோய் பம்ப்செட்டைப் போட வேண்டும். புனே பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' என்ற கருவி அந்த நடையை மிச்சப்படுத்தியது. வீட்டில் இருந்தபடியே சாதாரண செல்போனில் அழைத்தால் பம்ப் ஓடும். மின்சாரம் இருக்கிறதா என்பதும் தெரியும். 2009-ல் நோக்கியா நடத்திய உலகப் போட்டியில் அது பரிசு பெற்றது. இது சோம்பலுக்காகச் செய்த கருவி அல்ல. கஷ்டத்துக்காகச் செய்தது.

வீட்டுக்குள்ளும் அதே அளவுகோல் பொருந்தும். எங்கே மறந்தால் காசு போகிறது, எங்கே மறந்தால் உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால் எதை வாங்கலாம் என்பது தானே விளங்கும்.

காசு கரையும் இடங்கள்

முதல் சந்தேக நபர் கீஸர். குறித்த சூட்டில் அது தானாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் நாள் முழுக்கப் போட்டே வைத்தால், ஆறும் தண்ணீரை மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும். காலையில் அரை மணி நேரம் மட்டும் ஓட வைக்கும் டைமர் அல்லது ஸ்மார்ட் பிளக் இந்த வீண்செலவை நிறுத்தும். ஒரு எச்சரிக்கை: 2,000 வாட் கீஸர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கான 6 ஆம்பியர் பிளக்கை அதில் மாட்டினால் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், அதற்குரிய ஸ்டார்ட்டர் வழியாகத்தான் தானியங்கியை இணைக்க வேண்டும்.

அடுத்தது ஏ.சி. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இரவு பத்து மணிக்கு 20-ல் வைத்துவிட்டு, இரண்டு மணிக்குக் குளிரில் போர்வை தேடுகிற பழக்கத்தை விதியால் மாற்ற முடியவில்லை. நள்ளிரவில் தானாக 26-க்கு ஏறி, மின்விசிறியையும் ஓடவிடும் ஏற்பாடு அதைச் செய்துவிடுகிறது. தூக்கமும் கெடுவதில்லை, பில்லும் எகிறுவதில்லை.

அந்த மின்விசிறியிலும் மாற்றம் வந்திருக்கிறது. பழைய வகை சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதிய வகைக்கு 30 வாட் சுற்றிப் போதும். கூடவே ரிமோட். இளைஞர்களுக்கு அது சொகுசு. மூட்டுவலியோடு படுத்திருக்கும் பாட்டிக்கு, ரெகுலேட்டரைத் திருப்ப எழுந்து நடக்க வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம்.

சமையலறையில் ஒரு மூக்கு

எரிவாயுக் கசிவைக் கண்டுபிடித்து அலறும் கருவி நல்ல முதலீடு, சரியான இடத்தில் மாட்டினால். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். எனவே கருவி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போகும். அதற்குக் கருவி கூரையை ஒட்டி இருக்க வேண்டும். மும்பையிலும் அகமதாபாத்திலும் டெல்லியிலும் சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறிய குடும்பங்கள் பழைய கருவியைப் பழைய இடத்திலேயே விட்டால், அது இருந்தும் இல்லாத கதைதான்.

இன்னொரு தப்பு இதைவிட ஆபத்தானது. கசிவு தெரிந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடட்டும் என்று இணைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஸ்விட்சில் எழும் ஒரு சிறு பொறி போதும், வீடே வெடிக்க. கருவி செய்ய வேண்டியது இரண்டுதான்: அலற வேண்டும், முடிந்தால் எரிவாயு வால்வை மூட வேண்டும். ஜன்னலைத் திறப்பதும், எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறுவதும், வெளியே வந்து எல்.பி.ஜி. அவசர உதவி எண் 1906-ஐ அழைப்பதும் மனிதர் வேலை.

தனியே இருக்கும் பெற்றோர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்கள் 10 கோடிக்கும் மேல். அவர்களில் பலருடைய பிள்ளைகள் வேறு ஊரில், வேறு நாட்டில். தானியங்கி வீடு தன் தகுதியை நிரூபிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதல் தேவை ஒரு சின்ன விளக்கு. இரவில் கட்டிலைவிட்டு இறங்கியதும் ஆள் அசைவை உணர்ந்து எரிந்து, கழிவறை வரை வழி காட்டும் விளக்கு. ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவும் அந்தச் சில நொடிகளில்தான் கால் இடறுகிறது. உடைந்த இடுப்பெலும்பின் செலவுக்கு முன்னால் இந்த விளக்கின் விலை ஒன்றுமேயில்லை.

அடுத்த தேவை, 'அம்மா எழுந்துவிட்டாரா' என்று தெரிந்துகொள்வது. பிள்ளைகள் பெரும்பாலும் கேமரா மாட்டத்தான் நினைக்கிறார்கள். தன் வீட்டுக் கூடத்தில் தலை வாரும்போதுகூட யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சம் எத்தனை தாய்மார்களுக்கு! படம் எடுக்காமலே வேலை முடியும். சமையலறைக் கதவில் ஒரு சிறு சென்சார் போதும். காலை எட்டு மணி வரை கதவு திறக்கவில்லை என்றால் மகளின் செல்போனுக்குச் செய்தி போகும். ஆனால் செய்தி போனால் மட்டும் போதாது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மகள் ஓடிவர முடியாது. பக்கத்து வீட்டில் ஒரு சாவி இல்லாவிட்டால், எந்தச் சென்சாரும் பதற்றத்தை வேகமாக அனுப்பும் தபால்காரர்தான்.

விற்பவர் சொல்லாதவை

மின்தடை இந்த வீடுகளின் பரம வைரி. பல ஸ்மார்ட் பல்புகள், அமைப்பை மாற்றாவிட்டால், நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பியதும் முழு வெளிச்சத்தோடு எரிந்து குடும்பத்தையே எழுப்பும். இணைய ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லையென்றால் மற்ற கருவிகளும் ஊமையாகும். பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்சுகளுக்கு நியூட்ரல் வயர் தேவை. பழைய வீடுகளின் பல ஸ்விட்ச் பெட்டிகளில் அது இருக்காது. வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

தயாரித்த நிறுவனம் கைவிட்டால்? அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்ற 'ரிவால்வ்' கருவியை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் நிறுத்தியது. பழுதே இல்லாத கருவிகள் ஒரே நாளில் வெறும் பெட்டிகளாயின. அதே ஆண்டு அக்டோபரில், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் 'மிராய்' என்ற நாசகார மென்பொருள் கைப்பற்றியது. அவற்றை ஏவி நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் பல மணி நேரம் தடுமாறின. பல நிறுவனங்களின் கருவிகள் சேர்ந்து இயங்க 2022 அக்டோபரில் வந்த 'மேட்டர்' என்ற பொது விதிமுறை ஓரளவு ஆறுதல். வாங்கும்போது பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். வாங்கிய அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன வேலை உண்டு. வீட்டில் ஒரு வாரம் யார் யார் எதை எதை மறந்தார்கள் என்று நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தப் பட்டியலில் மூன்று முறைக்கு மேல் வருவது எதுவோ, அதற்கு மட்டும் முதலில் கருவி வாங்குங்கள். மாட்டிய பிறகு இணையத்தை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே மூத்தவரை அழைத்து விளக்கைப் போடச் சொல்லுங்கள். சுவரில் உள்ள ஸ்விட்சைத் தட்டியதும் எரிந்தால், அது நல்ல தானியங்கி. எரியாவிட்டால் மாட்டியவரைத் திரும்ப அழைப்பதே மேல்.